மறுதழைப் பருத்தி

எங்கள் ஆய்வு மையத்தில் கருவிகளுக்கு ஆண்டு முழுவதும் தூசி, ஆயுத பூஜை அன்று மட்டும் பொட்டு. அன்றைக்கு அவற்றைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரிகடலை படைத்துவிட்டு, விஜயதசமி முடிந்து மையம் திறக்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று இயக்குநர் டாக்டர் பிரகதீஸ்வரன் உத்தரவு போடுவார். மற்ற நாட்களில் மட்டும் தொடுவதற்கு ஆள் இருந்ததாக நினைத்துவிட வேண்டாம். பாதிப் பேர் காலையில் விரல்ரேகை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிற இடம் அது. அப்படிப்பட்டவர்களுக்கும் பூஜை என்றால் பக்தி பொங்கும்.

அந்த வருடம் பூஜைக்கு முந்தின நாள் நான் ஒரு முக்கியமான வேலையைத் தொடங்கியிருந்தேன். மண்ணில் ஒரு பாக்டீரியா இருக்கிறது. செடியில் காயம் பட்டால், அந்தக் காயத்தின் வழியாகத் தன் மரபணுவில் ஒரு துண்டைச் செடிக்குள் தள்ளிவிடும். இயற்கையில் அதனால் செடிக்குக் கழலை வரும். விஞ்ஞானிகள் கழலைத் துண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தங்களுக்கு வேண்டிய மரபணுவை வைத்து அனுப்புவார்கள். பருத்தி நாற்றின் தண்டைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, பாக்டீரியாக் கரைசலில் முக்கி, தட்டுகளில் வைத்து இரண்டு நாள் இருட்டில் விடுவோம். பிறகு பாக்டீரியாவை மருந்து போட்டுக் கழுவிக் கொன்றுவிட்டு, தண்டுத் துண்டுகளை ஊட்டம் கொடுத்து முழுச் செடியாக வளர்ப்போம். கழுவுவதுதான் முக்கியம். தாமதித்தால் பாக்டீரியா திசுவுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எந்த மருந்துக்கும் அசையாது.

நாங்கள் அனுப்பியது மறுதழைக்கும் மரபணு. வெட்டிய கட்டையிலிருந்தே அடுத்த பருவத்துக்குப் பருத்தி எழும்ப வேண்டும், ஒருமுறை விதைத்தால் பல வருடத்துக்குப் போதும். இது இயக்குநரின் கனவு. கனவு காண்பது அவர் பொறுப்பு, தட்டு கழுவுவது என் பொறுப்பு.

“சார், நாளைக் கழிச்சு தட்டெல்லாம் கழுவியே ஆகணும். நான் ஒருத்தி மட்டும் வந்து முடிச்சுட்டுப் போயிடறேன்,” என்றேன்.

“இலக்கியா, பூஜை போட்ட எடத்துல போய் அருவாளும் கத்தியுமா நிப்பியா? அம்பாளுக்கே ஓய்வு நாள்ம்மா அது.”

“பாக்டீரியாவுக்கு ஓய்வு நாள் கிடையாது சார்.”

“இதான் உங்கிட்ட. எல்லாத்துக்கும் ஒரு எதிர்ப்பேச்சு.”

பூஜை, விஜயதசமி, அதை ஒட்டி சனி, ஞாயிறு. கருவிகளுக்கு ஓய்வு என்று சொல்லி மின்சாரத்தையும் அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். திங்கள்கிழமை திறந்தபோது தட்டுகளெல்லாம் ஆறிய கஞ்சிபோல ஆடை கட்டியிருந்தன. குப்பையில் போடச் சொன்னேன். அடுத்த மாதம் டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது, காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது என்றார் இயக்குநர். “நல்லாக் கழுவிப் போடும்மா, எல்லாம் சரியாயிரும்” என்று சொல்லிவிட்டு, பொரிகடலையைப் பிரசாதமாக என் கையில் கொடுத்தார்.

கழுவினோம். செடிகள் வந்தன. மரபணு உள்ளே போயிருக்கிறதா என்று சோதித்தோம். சாதாரணமாக நூறு துண்டில் ஒன்றிரண்டு தேறினாலே அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கலாம். இங்கே சோதித்த செடி ஒவ்வொன்றிலும் மரபணு இருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

மூளை இருக்கிறவனுக்கு அந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் கேசரி கிண்டினார்கள்.

திங்கள் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். “சார், நூத்துக்கு நூறு உலகத்துல எங்கயும் வராது. பாக்டீரியா சாகல. செடிக்குள்ளயே குடியிருக்கு. நம்ம மரபணு அது வயித்துலயும் இருக்கு. சோதனை காட்டுறது அதைத்தான். செடி மாறவே இல்ல. வெட்டுற எடத்துல பாக்டீரியா மரபணுவைத் தள்ளுது, அதனாலதான் அந்த எடம் மட்டும் தழையுது.”

இயக்குநர் சிரித்தார். “பொறாமைக்கு மருந்து கண்டுபிடிச்சா அதுக்குத்தான் நோபல் பரிசு கொடுக்கணும்.”

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். சம்பளம் வாங்குவதற்கு அவர்கள் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான். முதல் செடிகளின் விதையைச் சுத்தமான மண்ணில் முளைக்க வைத்தும் பார்த்தேன். நாற்றில் மரபணுவின் வாசனைகூட இல்லை. உண்மையில் மாறிய செடி என்றால் விதையிலும் இருந்திருக்க வேண்டும். அதையும் போய்ச் சொன்னேன். மறுநாளே என்னை ஆய்வகத்திலிருந்து தூக்கிக் களப்பணிக்கு மாற்றினார்கள்.

களம் என்றால் மேலக்குருந்தங்குளத்தில் வேலுத்தாய் அக்காவின் மூன்று ஏக்கர் கரிசல். மறுதழைப் பருத்தியை, விதையாக இல்லாமல் ஆய்வகத்தில் வளர்த்த நாற்றாக, முதன்முதலில் வயலில் நட்டது அங்கேதான். ஐம்பதை நெருங்கிய பெண், ஒற்றை ஆள். அந்த மூன்று ஏக்கரை விட்டால் அவருக்குப் போக்கிடம் பட்டாசு ஆலைதான். அங்கே மருந்து கலக்கும் அறையில் அவர் தங்கை கரிக்கட்டையாகப் போனதை ஊரே பார்த்திருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில்கூட அவர் ஏறுவதில்லை.

முதல் பருவத்தில் காய்த்தது. அறுத்த கட்டை தழைத்தது. மந்திரி வந்தார், தழையைத் தடவிக்கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். பத்திரிகைகள் ‘சாகாத பருத்தி’ என்று எழுதித் தள்ளின. எவனும் இரண்டாம் பருவத்தில் வந்து காய் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. காய்த்திருந்தால்தானே பார்ப்பதற்கு. செடி தன் தெம்பையெல்லாம் தழைக்கே கொடுத்துவிட்டது. இடுப்பு உயரத்துக்குப் பச்சை, ஒரு பூ கிடையாது.

இரண்டாம் பருவம் முடிந்து நான் போனபோது வேலுத்தாய் அக்கா வரப்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“வாங்க டாக்டரம்மா. உங்க புள்ளையளப் பாருங்க. வெட்டுனா வெட்டுன எடத்துல நாலு மொளைக்குது. அடியோட புடுங்கிப் போட்டா அறுந்த வேருல இருந்து வருது. டிராக்டரு வச்சு உழுதுட்டு நிம்மதியா இருந்தேன். ஒரு மழதான். துண்டு துண்டா போன ஒவ்வொண்ணும் தனித்தனிச் செடியா நிக்கி.”

“களைக்கொல்லி அடிச்சீங்களா?”

“அடிச்சேனே. கருகுது. கருகுன எடத்துல மறுபடி தழையுது.” மண்வெட்டியால் ஓரத்தைக் காட்டினார். “அது போகட்டும், இதப் பாருங்க. இது பருத்தியில்ல. பார்த்தீனியம். அந்தா நாயுருவி. சீமைக்கருவேலக் கன்னு. எதக் கொத்துனாலும் தழையுது. பருத்திக்குத்தான் நீங்க மந்திரம் போட்டீக. களைக்கு யாரு போட்டா?”

அது பாக்டீரியாவின் வேலை. செடிக்குள் குடியிருக்கிறது என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அது மண்ணுக்கு இறங்கிவிட்டது.

வரப்பிலேயே உட்கார்ந்து சொன்னேன். “அக்கா, ஒரு தபால்காரர் இருக்காருன்னு வச்சுக்கோங்க. ஒரு வீட்டுல ஒரு கடுதாசியைக் குடுத்துட்டு அவர் போயிடணும். நம்ம ஆளு போகல. வீட்டுக்குள்ளயே படுத்துக்கிட்டார். பையில கடுதாசி எடுக்க எடுக்கக் குறையல. எந்தச் செடியில காயம் பட்டாலும் அங்க ஒரு கடுதாசியைப் போட்டுடறார். ‘தழை’ன்னு அதுல எழுதியிருக்கு. நீங்க வெட்டறதுதான் காயம். வெட்ட வெட்டக் கடுதாசி போகும்.”

“அப்ப வெட்டாம விட்டுட்டா?”

“விட்டா காடு.”

“அந்த ஆளு இப்ப எங்க இருக்காரு?”

“உங்க மண்ணுல.”

அவர் காலடியைப் பார்த்துக்கொண்டார். “கடுதாசிய எழுதுனது யாரு?”

“நாங்கதான்.”

“அப்ப நீங்கதான வந்து கூட்டிட்டுப் போவணும்?” என்று கேட்டார். “எனக்கு இந்த ஐப்பசிக்கு மொளகா போட்டாகணும் தாயி. போன பருவத்துல ஒண்ணும் எடுக்கல. இன்னும் ஒரு பருவம் போச்சுன்னா நான் மருந்து ரூமுக்குத்தான் போவணும். அதுக்கு இந்தக் கெணத்துல விழுந்துரலாம்.”

மையத்துக்குத் திரும்பி, நிலத்தைப் பார்க்க வாருங்கள் என்று இயக்குநரிடம் கெஞ்சினேன். “களை நல்லா வளருதுன்னா நிலம் வளமா இருக்குன்னு அர்த்தம்” என்றார். முனைவர் பட்டம் வாங்கிய வாய் அது.

அதற்குள் பக்கத்து நிலங்களிலும் களை தழைக்கத் தொடங்கிவிட்டது. ஊர் கூடி மரபணுப் பயிர் இழப்பீட்டு ஆணையத்துக்குப் போனது. அதன் விதி ரொம்ப எளிமையானது. மரபணு மாற்றிய பயிரால் நிலம் பாழானால், உருவாக்கியவர் மாற்று நிலம் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் வந்ததும் எங்கள் மையத்துக்கு முதல்முறையாகச் சுருக்கென்று புத்தி வந்தது.

ஒரு நாள் இயக்குநர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நாற்காலி போட்டார்கள். காபி வந்தது, அதுவும் டபராவில். எதிரே மையத்தின் வக்கீல் அனந்தபத்மன். அந்த ஆள் தலைமுதல் பேச்சுவரை எல்லாமே வழுவழுப்பு.

“மேடம், நீங்க எவ்வளவு தீர்க்கதரிசனமா சொல்லியிருக்கீங்க!” என்றார். “செடி மாறவே இல்ல, அப்படித்தானே?”

“ஆமா. அதைச் சொன்னதுக்குத்தான் என்னை வயலுக்கு அனுப்பினாங்க.”

“அதெல்லாம் விடுங்க. நாங்களும் விதையை மொளைக்க வச்சுப் பாத்துட்டோம். மரபணு இல்ல. அதாவது இது சாதாரணப் பருத்தி. சாதாரணப் பருத்திக்கு நாங்க ஏன் இழப்பீடு கொடுக்கணும்?”

காபியை வைத்துவிட்டேன். “பாக்டீரியா உங்களோடதுதானே?”

“சட்டத்துல ‘பயிர்’னுதான் இருக்கு மேடம். பாக்டீரியா பயிரா?” என்று அவர் விரல்களைக் கோத்துக்கொண்டார். “அதுவுமில்லாம அது எங்க இருக்கு? மண்ணுல. ஆதியில எங்க இருந்து வந்தது? மண்ணுல இருந்து. மண்ணு யாரோடது? அந்தம்மாவோடது. அவங்க மண்ணுல இருக்கற கிருமி பக்கத்து நிலத்துக்குப் போச்சுன்னா யார் பொறுப்பு? நாங்க அந்தக் கோணத்தையும் ஆணையத்துல வைக்கப்போறோம்.”

அதாவது வேலுத்தாய் அக்காவுக்கு நிலம் கிடைக்காது என்பது மட்டுமல்ல, ஊரார் நிலத்தைக் கெடுத்த பழியும் அவர் தலையில் விழும். இதைச் சொல்லும்போது அந்த ஆள் குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

இயக்குநர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாகாத பருத்தியின் பெரிய படம் ஒன்று, அவரும் மந்திரியுமாக, இன்னும் சுவரில் தொங்கியது. தோற்றவன் முகம் எனக்குத் தெரியும். அது தோற்ற முகம் இல்லை. அது வலிக்கிற முகம். தன் சாதனையைத் தன் வக்கீலே இல்லை என்கிறான், தானும் தலையாட்ட வேண்டியிருக்கிறது. அந்த வலியைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்றுதான் என் மனம் ஓடியது.

“சாட்சி சொல்ல வர்றேன்,” என்றேன்.

“உண்மையைச் சொன்னா போதும் மேடம்,” என்றார் வக்கீல். உண்மை அவர் பக்கம் வந்து நின்றுவிட்ட தைரியம் அது.

விசாரணை மாவட்டத் தலைநகரில், ஒரு பெரிய கூடத்தில். தலைவராக ஓய்வுபெற்ற நீதிபதி ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பத்திரிகைக்காரர்கள் முதல் வரிசை, இயக்குநர் இரண்டாம் வரிசை. கடைசி பெஞ்சில் வேலுத்தாய் அக்கா, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, கால்களை மடக்கி வைத்துக்கொண்டு. அவருக்கு வக்கீல் இல்லை. ஊரார் அவரைவிட்டு ஒரு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். கிருமி அவருடைய மண்ணிலிருந்துதான் வந்தது என்ற பேச்சை யாரோ அதற்குள் பரப்பியிருந்தார்கள்.

எனக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்தார்கள். உண்மையைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை என்று சொன்னேன்.

அனந்தபத்மன் எழுந்தார். “மறுதழைச் செடியில மரபணு மாற்றம் நடக்கவே இல்லன்னு, மையத்தோட கூட்டத்துல எல்லார் முன்னாடியும் நீங்க சொன்னீங்க. சரியா?”

“சொன்னேன்.”

“அது உண்மைதானே?”

வேலுத்தாய் அக்காவைப் பார்த்தேன். நான் சொல்லப்போவது தனக்கு நல்லதா கெட்டதா என்றுகூட அவருக்குப் புரியவில்லை. என்னை நம்பி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

“இல்லைங்க. பொய்,” என்றேன். “பொறாமையில சொன்னேன்.”

வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை. நான் நிறுத்தவில்லை.

“இந்த உலகத்துல எந்த ஆய்வகத்துலயும் பருத்தியில நூத்துக்கு நூறு மாத்தம் வந்ததில்ல. எங்க மையத்துல வந்துச்சு. காரணம் டாக்டர் பிரகதீஸ்வரன். சோதிச்ச ஒவ்வொரு செடியிலயும் மரபணு இருந்துச்சு. என்னால தாங்க முடியல. அதனால செடி மாறல, பாக்டீரியாதான்னு கட்டிவிட்டேன். அவரு பெருந்தன்மையா என்னை வேலையை விட்டு அனுப்பாம வச்சிருந்தாரு. இன்னைக்கு அவரு சொந்த வக்கீலே அவரோட சாதனையப் பொய்யிங்கறாரு. அவரும் வாய் தொறக்காம உக்காந்திருக்காரு. ஒரு விஞ்ஞானிக்கு இதைவிட அவமானம் வேற இருக்க முடியுமா? நாளைக்கு வெளிநாட்டுக்காரன் இதையே பண்ணி நம்ம பேரை அழிச்சுட்டுப் போவான்.”

பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பி இயக்குநரைப் பார்த்தார்கள். கேமராக்கள் அவரை நோக்கித் திரும்பின. அவர் கழுத்து தானாகவே நிமிர்ந்தது.

தலைவர் கேட்டார். “டாக்டர், நீங்களே சொல்லுங்க. செடி மாறியிருக்கா, இல்லையா?”

அனந்தபத்மன் ஓடிப்போய் இயக்குநரின் கோட்டு ஓரத்தைப் பிடித்து இழுத்தார். இயக்குநர் அந்தக் கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

“மாறியிருக்கு மேடம். நூத்துக்கு நூறு.”

“விதையில மரபணு இல்லன்னு உங்க மையமே அறிக்கை கொடுத்திருக்கே?”

“பக்கத்து வயல் மகரந்தம் கலந்த விதை அது. சோதிச்சவங்களுக்குத் தொழில் தெரியாது.”

சோதித்தவர்கள் அவருடைய ஆட்கள். அன்றைக்குக் கேசரி கிண்டியவர்கள். அவர்களும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார்கள், தொழில் தெரியாது என்றதற்கும் தலையாட்டினார்கள்.

நான் பொய் சொன்னேன். எனக்கு ஒரு துளி வெட்கமும் வரவில்லை, நன்றாக மூச்சு விட்டேன். உண்மையைச் சொல்லி ஒரு பெண்ணைப் பட்டாசு ஆலைக்கு அனுப்புவதைவிட, ஒரு முட்டாளைப் புகழ்ந்து அவளுக்கு நிலம் வாங்கிக்கொடுப்பது எனக்குச் சரியாகப் பட்டது. இன்றைக்குக் கேட்டாலும் அந்த நாளைப் பற்றி அதைத்தான் சொல்வேன்.

தீர்ப்பு மையத்துக்கு எதிராக வந்தது. செடி மாற்றப்பட்ட செடி என்று உருவாக்கியவரே ஒப்புக்கொண்டுவிட்டதால், வேலுத்தாய்க்கு மூன்று ஏக்கர் மாற்று நிலம் தர வேண்டும், களை தழைத்ததும் அந்தப் பயிரால்தான் என்பதால் பாதிக்கப்பட்ட பக்கத்து நிலங்களுக்கும் மையமே பொறுப்பு, பழைய நிலத்துச் செடிகளை எரித்து வேலி போட வேண்டும். கூடத்துக்கு வெளியே வேலுத்தாய் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு பெஞ்சு தள்ளி உட்கார்ந்த ஊரார் இப்போது “நம்ம வேலுத்தாயி” என்று சொந்தம் கொண்டாடிக்கொண்டு கூடவே நடந்தார்கள்.

இயக்குநருக்கு அந்த வருடம் டெல்லியில் விருது. விருதின் குறிப்பில் ஆணையத்தின் தீர்ப்பையே சான்றாகக் காட்டியிருந்தார்கள். என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பொய்யான தகவல் பரப்பியதாக நானே ஒப்புக்கொண்டேன் என்பது காரணம். அந்தக் காரணத்தில் நான் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியாது.

எனக்கு ஒரே கவலைதான் பாக்கி இருந்தது. பாக்டீரியா. செடியை எரித்தார்கள், மண்ணை எவனும் தொடவில்லை. தீர்ப்பில் செடிதான் குற்றவாளி, மண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. தெரிந்த பேராசிரியர்களிடம் போனேன், மண்ணைச் சோதிக்கச் சொன்னேன். ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

“ஆணையத்துல செடிதான்னு சத்தியம் பண்ணது நீங்கதானேம்மா?”

ஒருவர் மட்டும் பரிதாபப்பட்டு டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சுற்றிலும் வேலி இருக்கிறது. உள்ளே யாரும் விதைக்கப் போவதில்லை, வெட்டப் போவதில்லை. மண் எழுந்து நடந்தா போய்விடும்?

புரட்டாசி கடைசியில் வேலுத்தாய் அக்கா போன் பண்ணினார். “புது நெலத்துல மொத மொளகா நாத்து வைக்கப்போறேன் தாயி. நீ வராம நான் மம்பட்டியத் தொட மாட்டேன்.”

புது நிலம் மலைப்பக்கம், செம்மண். கிணற்றில் தண்ணீர் மேலே நின்றது. நன்றாக உழுது வைத்திருந்தார். நாற்றுக் கட்டுகள் சாக்கு நிழலில் குளிர்ச்சியாக இருந்தன. அவர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. புதுச் சேலை, தலையில் கனகாம்பரம். நான் இதுவரை பார்க்காத வேலுத்தாய் அக்கா.

“பாத்தியா தண்ணிய? சக்கரையா இருக்கு. அடுத்த வருசம் கரையில நாலு தென்ன வைப்பேன்.” என் கையைப் பிடித்து ஈசானிய மூலைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு கல்லை நட்டு, எண்ணெய் தடவி, பூ வைத்திருந்தார். கல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு குழி.

“இப்பத்தான் சாமியக் கொண்டாரணும்,” என்று மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். “வேலி போடுறதுக்கு மொத நாளே பழைய நெலத்துக்குப் போயி எடுத்து வச்சுட்டேன். பிடிமண்ணு.”

எங்கள் பக்கத்தில் இடம் மாறிப் போகிறவர்கள் காவல் தெய்வத்தை விட்டுவிட்டுப் போவதில்லை. சாமி நின்ற இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய், புது இடத்தில் போட்டு, அங்கே சாமியை நிறுத்துவார்கள். இது எனக்குத் தெரியும். என் அம்மா வீட்டிலேயே செய்திருக்கிறார்கள். தெரிந்திருந்தும் எனக்கு அது தோன்றவே இல்லை. மண் நடந்து போகாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, அதைக் கொட்டாதீங்க.”

“ஏந்தாயி?”

“அந்த மண்ணுலதான் அது இருக்கு. அந்தத் தபால்காரர். ஒரு பிடி போதும்க்கா. இந்த நிலமும் அப்படியே ஆயிரும்.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். கோபம் இல்லை. குழந்தை உளறினால் பார்ப்பார்களே, அப்படி.

“அது செடியிலதான் இருக்குன்னு நீதான சொன்ன?”

“கோர்ட்டுல சொன்னது பொய்யிக்கா. உங்களுக்கு நிலம் கிடைக்கணும்னு சொன்னேன்.”

“அன்னிக்கு வரப்புல உக்காந்து மண்ணுங்கற. அத்தன பேரு முன்னாடி நின்னு செடிங்கற. இப்ப வந்து மறுபடியும் மண்ணுங்கற.” கல்லின் மேலிருந்த பூவைச் சரி செய்தார். “செடியத்தான் எரிச்சாக. செடின்னுதான் தீர்ப்பு. செடின்னுதான் இந்த நெலம் எங் கைக்கு வந்துச்சு. மண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?”

“அக்கா, சத்தியமா சொல்றேன்.”

“அன்னிக்கும் சத்தியம் பண்ணித்தான தாயி சொன்ன,” என்றார் வேலுத்தாய் அக்கா. “அதத்தான் நான் நம்பியிருக்கேன்.”

முடிச்சை அவிழ்த்து, குழிக்கு மேலே துணியைக் கவிழ்த்து உதறினார். கரிசல் மண் செம்மண்ணில் விழுந்தது. அதன் மேல் தண்ணீர் தெளித்து, கையால் தட்டி மெழுகினார். பிறகு மண்வெட்டியை எடுத்து, கும்பிட்டுவிட்டு, நாற்று வைக்க முதல் பாரை வெட்டப் போனார்.